‘கிளட்ச் போய்விட்டது’ என்னும் வாக்கியம்

இந்த வாக்கியத்தைச் சென்ற மாதம் மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள். மூவரும் பேசியது ஒரே காரைப் பற்றி. பக்கத்து வீட்டுக்காரர் அதைச் சொன்னபோது கேபிள் அறுபடப்போகிறது என்று பொருள். உடன் ஆய்வு செய்யும் நண்பர் சொன்னபோது தட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். நகரிலுள்ள ஒரு பெரிய பணிமனையின் ஆலோசகர் சொன்னபோது ஃப்ளைவீல் உள்ளிட்ட அத்தனையையும் மாற்ற வேண்டும் என்று பொருள். 17,400 ரூபாய் என்று அச்சிட்ட தாளையும் அவர் கையில் கொடுத்தார். ஓரிடத்தில் மூன்று பாடங்கள் கிடைத்தால் சுவடிப் பதிப்பாசிரியர் எதையும் உடனே தள்ளுவதுமில்லை, கொள்ளுவதுமில்லை. எந்தப் பாடத்திலிருந்து மற்றவை பிறந்திருக்கக்கூடும் என்று கேட்பார். காருக்கும் அதையே செய்ய நேர்ந்தது. பழைய கார் வைத்திருக்கும் ஆய்வாளர்களுக்குப் பயன்படலாம் என்பதால் விரிவாக எழுதுகிறேன். நீளமான பதிவு; நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

கார் அப்பாவுடையது. 2003ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800. நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கினார். இப்போது அவருக்கு இங்கே மண்டல புற்றுநோய் மையத்தில் சிகிச்சை நடக்கிறது. 21 நாளுக்கு ஒரு முறை வர வேண்டும். 1981இல் தொடங்கப்பட்ட அந்த மையத்தின் வராந்தாக்களில் மலையாளத்துக்கு இணையாகக் குமரி மாவட்டத் தமிழும் ஒலிப்பதை அங்கே காத்திருந்தவர்கள் அறிவார்கள். 1956 நவம்பர் 1 வரை ஒரே நாடாக இருந்த நிலம்; எல்லை பிரிந்த பிறகும் நோய்க்கு எங்கள் ஊர்க்காரர்கள் வடக்கே திருவனந்தபுரத்தைத்தான் பார்க்கிறார்கள். கார் என்னிடம் ஸ்ரீகாரியத்தில் நிற்கும். சிகிச்சைக்கு முந்தைய நாள் நான் போய் அப்பாவையும் அம்மாவையும் அழைத்துவருவேன். இரண்டு நாள் கழித்துக் கொண்டுபோய் விடுவேன். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பேருந்துக் கூட்டம் ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வாடகைக் கார் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை போய்வர வேண்டும். என் உதவித்தொகையில் வீட்டு வாடகையும் மருந்தும் போக மாதக் கடைசியில் என்ன மிஞ்சும் என்பதை ஆய்வாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான்காம் சுற்றுக்குப் பத்து நாள் இருந்தபோதுதான் கார் ஏற்றத்தில் திணறத் தொடங்கியது.

திருவனந்தபுரத்தில் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றம் என்பது அன்றாடம். குன்னுகுழி போன்ற பெயர்களிலேயே குன்றும் குழியும் இருக்கின்றன. நகரின் உயரமான இடங்களில் ஒன்றைத் தேர்ந்துதான் சுவாதித் திருநாள் காலத்தில், 1837இல், வானாய்வுக்கூடம் அமைத்தார்கள். சமவெளி நகரத்தில் ஓடும் காரைவிட இங்கே ஓடும் காரின் கிளட்ச் சீக்கிரம் தேய்வதில் வியப்பில்லை. உள்ளூரிலிருந்து மருத்துவக் கல்லூரி நோக்கிக் காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். ஆம்புலன்ஸுகளுக்கு வழிவிட்டு, பேருந்துக்குப் பின்னால் ஒவ்வோர் அடியாக ஊர்ந்து செல்ல வேண்டும். அந்த நெரிசலில் முன்னால் நிற்பவர் பின்னோக்கி உருளாமல் இருக்க அரை கிளட்சில் நிற்பதை எல்லா வண்டிகளிலும் காணலாம்.

என் காரில் தெரிந்த குறி இதுதான்: மேடேறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் இரைகிறது, வேகம் கூடுவதில்லை. மாருதி 800இல் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள் கிடையாது. காதால்தான் அறிய வேண்டும். இரண்டாம் நாள் லேசாகக் கருகல் வாடை வந்தது. பெரிய பணிமனைக்குப் போனேன். ஆலோசகர் வண்டியைப் பத்து மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தினார், கணினியில் எதையோ தட்டினார், தாளைக் கொடுத்தார். கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கேபிள், புதிய ஃப்ளைவீல், கூலி, வரி. “இவ்வளவு செலவழிப்பதற்கு இந்த வண்டி தகுதியில்லை, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள்” என்றும் மரியாதையாகச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் காரின் அடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை என்பது மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்று இரவு கிளட்ச் எப்படி இயங்குகிறது என்று படித்தேன். நான் புரிந்துகொண்டதைச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். இது தெரியாமல் பின்னால் வருவது விளங்காது.

எஞ்சின் நிற்காமல் சுழல வேண்டும். சக்கரங்களோ நிற்கவும் நகரவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே, வேண்டும்போது சேர்த்தும் வேண்டாதபோது பிரித்தும் வைக்கும் கருவிதான் கிளட்ச். எஞ்சினின் ஒரு முனையில் ஃப்ளைவீல் என்னும் கனத்த இரும்புச் சக்கரம் சுழல்கிறது. அதனோடு பிணைக்கப்பட்ட பிரஷர் பிளேட்டும் உடன் சுழல்கிறது. இவ்விரண்டின் இடையே ஒரு மெல்லிய தட்டு, இரு புறமும் உராய்வுப் பொருள் ஒட்டி ரிவெட் அடித்தது. இந்தத் தட்டின் நடுத் துளை கியர்பாக்ஸின் தண்டில் பல்லோடு பல்லாகக் கோத்திருக்கும். குவிந்த கிண்ணம் போன்ற டயாஃபிரம் ஸ்பிரிங் ஒன்று பிரஷர் பிளேட்டை அழுத்தி, தட்டை ஃப்ளைவீலோடு நெருக்கிப் பிடித்திருக்கிறது. கால் பெடலில் இல்லாதபோது மூன்றும் ஒன்றாகச் சுழலும். பெடலை மிதித்தால் கேபிள் ஒரு நெம்புகோலை இழுக்கும், நெம்புகோல் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும், பேரிங் ஸ்பிரிங்கின் விரல்களை அமுக்கும், பிடி தளரும், தட்டு விடுபடும். கிளட்சுக்கு ‘உரசிணைப்பி’ என்று தமிழில் ஒரு கலைச்சொல் உண்டு. பணிமனையில் யாரும் சொல்லப்போவதில்லை என்றாலும் எனக்குப் பிடித்த சொல். அன்றாடப் பேச்சில் உரசல் என்றால் இருவருக்கிடையே மனத்தாங்கல். இங்கே உரசல்தான் இரண்டை இணைக்கிறது.

ஆகவே கிளட்ச் கெடுவதென்றால் அடிப்படையில் இரண்டே வகை: சேர வேண்டியபோது சேராமல் வழுக்குவது, பிரிய வேண்டியபோது பிரியாமல் ஒட்டிக்கொள்வது. முதலாவதில் எஞ்சின் இரையும், வண்டி போகாது. இரண்டாவதில் கியர் விழாது. குறிப்பாக ரிவர்ஸ் போடும்போது கரகரக்கும். இவற்றோடு சத்தமும் நடுக்கமும் தனி. பெடலை மிதிக்கும்போது மட்டும் கேட்கும் சத்தம் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்கிலிருந்து வருவது; மிதித்தால் நின்றுபோகும் சத்தம் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கிலிருந்து வருவது. கிளம்பும்போது வண்டி உதறினால் தட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கலாம். கிளட்சைத் தொடாமலே தீரக்கூடிய குறை அந்தக் கடைசி வகை. பெரிய பணிமனையின் தாளில் இந்தப் பிரிவுகளில் எதுவும் இல்லை. எதுவாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே அவர்கள் முறை. அதற்கும் ஒரு நியாயம் உண்டு: வண்டி திரும்பி வராது.

மறுநாள் பௌடிக்கோணம் போகும் வழியில் ஓடு வேய்ந்த ஒரு சிறு பணிமனைக்குப் போனேன். அதை நடத்துபவர் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து சிறு வயதிலேயே இங்கே வந்து தங்கிவிட்டவர். எல்லாரும் ஆசான் என்கிறார்கள். களரிக்கும் வர்மத்துக்கும் உரிய சொல் இங்கே பணிமனைக்கும் செல்லும். நானும் ஆசான் என்றே அழைத்தேன்.

அவர் முதலில் காரைத் தொடவில்லை. என்னிடம் கேட்டார். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? (94,000.) கிளட்ச் முன்பு எப்போது மாற்றியது? (அப்பாவின் குறிப்பேட்டில் பார்த்தால் 41,000இல்.) குறை மெல்ல மெல்ல வந்ததா, ஒரே நாளில் வந்ததா? குளிர்ந்த எஞ்சினிலும் இருக்கிறதா, சூடான பிறகு மட்டுமா? பெடல் முன்னைவிடக் கனமாக இருக்கிறதா? அண்மையில் யாராவது கேபிளை முறுக்கினார்களா? கடைசிக் கேள்விக்கு அப்பாவிடம் தொலைபேசியில் கேட்க வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்கு முன் பெடல் ‘லூசாக’ இருப்பதாக நினைத்து ஒரு பெட்ரோல் பங்கின் அருகே யாரோ முறுக்கிக்கொடுத்ததாக அப்பா சொன்னார். ஆசான் தலையசைத்தார்.

பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்காராமல், கதவைத் திறந்து குனிந்து, இரண்டு விரலால் பெடலை அழுத்தினார். இதை யாரும் தம் காரில் செய்து பார்க்கலாம். எதிர்ப்பே இல்லாமல் முதலில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அந்தச் சும்மா இறங்கும் தூரம்தான் பேரிங்குக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையிலுள்ள ஓய்வு. என் காரில் அது அறவே இல்லை. விரல் பட்டதுமே எதிர்த்தது. அதாவது கால் பெடலில் இல்லாதபோதும் பேரிங் ஸ்பிரிங்கைச் சற்றே அமுக்கிக்கொண்டிருக்கிறது. நாள் முழுதும் யாரோ பெடல்மீது கால் வைத்திருப்பது போல.

இங்கே நம் ஊகத்துக்கு மாறான ஒன்று உண்டு. தட்டு தேயத் தேயப் பெடல் தளரும் என்று தோன்றும். உண்மையில் கேபிள் வகைக் கிளட்சில் தட்டு மெலிந்தால் பிரஷர் பிளேட் ஃப்ளைவீலை நோக்கி நகரும், ஸ்பிரிங்கின் விரல்கள் எதிர்ப்பக்கம், பேரிங்கை நோக்கிச் சாயும், ஓய்வு குறையும். ஆகவே தேய்ந்த கிளட்சுக்குக் கேபிளைத் தளர்த்த வேண்டும். முறுக்கினால் வழுக்கல் கூடும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் தட்டு இன்னும் தேயும்.

அடுத்து கேபிள். பானட்டைத் திறந்து, கியர்பாக்ஸ் பக்க முனையிலிருந்து அதைக் கழற்றி, உறைக்குள் கம்பியைக் கையால் இழுத்து விட்டார். ஓரிடத்தில் சிக்கிச் சிக்கி வந்தது. உள்ளே ஒரு இழை அறுந்து சுருண்டிருக்கிறது என்றார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பாடமும் பொய்யில்லை.

“அப்போ கேபிள் மட்டும் மாத்தினா போதுமா ஆசானே?”

“போதும்னு இப்பம் சொல்ல மாட்டேன் மக்களே. முந்நூறு ரூவாய்ல தீருமான்னு முதல்ல பாப்போம். தீரலைன்னாலும் அந்தக் கேபிள் வேஸ்ட் ஆவாது, எப்படியும் மாத்தணும்.”

முதலில் மலிவானதைச் சோதி. ஆனால் பிறகு எப்படியும் தேவைப்படுகிற மலிவானதை. ஆராய்ச்சி முறையியல் வகுப்பில் நாங்கள் ஒரு பருவம் முழுதும் பேசும் சங்கதியை அவர் சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார்.

புதிய கேபிள் 320 ரூபாய். மாட்டி, ஓய்வைச் சரியாக வைத்ததும் பெடல் இலகுவானது. பாதி நோய் போனது. மீதிக்கு ஒரு சோதனை: சமதளத்தில், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை முழுதும் இழுத்து, எஞ்சினை இயக்கி, நான்காம் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விடுவது. நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் உடனே அணைந்துவிடும். என் கார் ஓரிரு விநாடி உறுமிவிட்டுத்தான் அணைந்தது. (இதை ஒரு முறைக்குமேல் செய்யக் கூடாது, சோதனையே தட்டைக் கருக்கிவிடும். முன்னால் யாரும் நிற்கவும் கூடாது.) ஆக, தட்டும் தேய்ந்துதான் இருக்கிறது. நண்பரின் பாடமும் சரி.

இதோடு நின்றிருந்தால் கதை எளிது: பெரிய பணிமனை சொன்னதையே குறைந்த விலையில் செய்துகொண்டோம் என்று முடித்திருப்பேன். ஆனால் ஆசான் கழுத்தில் டார்ச்சை மாட்டிக்கொண்டு காரின் அடியில் போனார். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் மணி வடிவக் கூட்டின் அடிப்புறத்தில் விரலை வைத்துத் தேய்த்து, வெளியே வந்து, மூக்கருகே கொண்டுபோனார். என்னிடமும் நீட்டினார். கறுப்பு எண்ணெய்.

“கியர் ஆயில்னா கந்தக வாடை அடிக்கும், கையில கெட்டியா நிக்கும். இதுல அது இல்ல. இது எஞ்சின் ஆயில்.”

கியர் எண்ணெயில் பற்களின் அழுத்தத்தைத் தாங்கக் கந்தகம் கலந்த சேர்மங்களைச் சேர்க்கிறார்கள். அந்த வாடை எளிதில் மறக்காது. அது இல்லை என்றால் எண்ணெய் வருவது எஞ்சின் பக்கத்திலிருந்து, கிராங்க் தண்டின் முனையிலுள்ள வளைய வடிவ ரப்பர் சீல் வழியாக. உறுதிப்படுத்த அன்றிரவு காரின் அடியில் ஓர் அட்டையை விரித்து வைக்கச் சொன்னார். காலையில் மூன்று சொட்டுகள், கூட்டின் நேர் கீழே.

அப்போதுதான் பெரிய பணிமனையின் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 17,400 ரூபாய்க்கான பட்டியலில் புதிய ஃப்ளைவீல் இருந்தது. அந்த சீல் இல்லை. அந்தப் பட்டியல்படி எல்லாம் செய்திருந்தால் புத்தம் புதிய தட்டின்மேல் பழைய ஓட்டை வழியாக எண்ணெய் சொட்டிக்கொண்டிருக்கும். சில மாதத்தில் மறுபடி வழுக்கியிருக்கும். ‘இந்தப் பழைய வண்டி இப்படித்தான், காசை விழுங்கும்’ என்று நானும் நம்பி விற்றிருப்பேன். கூடுதலாகச் செலவழித்தால் முழுமையான பழுதுபார்ப்பு, குறைத்தால் ஒட்டுப்போடுவது என்னும் எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. இங்கே அதற்கு இடமில்லாமல் போனது. எல்லாவற்றையும் மாற்றும் பட்டியலில் காரணம் விடுபட்டிருந்தது. அதைக் கண்டது எண்ணெய் தோய்ந்த ஒரு விரல்.

கார்லோ கின்ஸ்பர்க் 1979இல் எழுதிய தடயங்கள் பற்றிய கட்டுரையை நம்மில் பலர் படித்திருப்போம். ஓவியனைக் காதுமடலையும் நகத்தையும் வைத்து அடையாளம் கண்ட மொரெல்லி, சாம்பலை வைத்துக் குற்றவாளியைப் பிடிக்கும் ஷெர்லக் ஹோம்ஸ், ஃபிராய்ட் என மூவரையும் சேர்த்து, ஒதுக்கத்தக்க சிறு குறிகளிலிருந்து காரணத்தை ஊகிக்கும் அறிவு மரபு ஒன்றை அவர் காட்டுகிறார். அதன் வேர் மருத்துவத்தில், நோய்க்குறி வாசிப்பதில் இருக்கிறது என்கிறார். மோட்டார் மெக்கானிக்கை அவர் சேர்த்ததாக நினைவில்லை. சேர்த்திருக்கலாம்.

கியர்பாக்ஸை இறக்க நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே நின்றேன். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கியர் எண்ணெயை வடித்து, சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளை உருவி, ஸ்டார்ட்டர், ஸ்பீடோமீட்டர் கேபிள், கியர்க் கம்பி ஆகியவற்றைப் பிரித்து, எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, ஆசானும் ஓர் இளைஞனும் கியர்பாக்ஸைக் கைகளிலேயே தாங்கி இறக்கினார்கள். எளிய கார் என்பதன் பொருள் அப்போது புரிந்தது. 796 சிசி எஞ்சினுக்கு ஏற்ற சிறிய கியர்பாக்ஸ். கூட்டுக்குள் படிந்திருந்த கருந்தூசியை ஊதவும் விடவில்லை, காற்றடிக்கவும் விடவில்லை. ஈரத் துணியால் துடைத்தார். பழைய தட்டுகளின் உராய்வுப் பொருளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது வழக்கம். மூச்சில் போனால் ஆண்டுகள் கழித்து நுரையீரலைக் கெடுக்கும். புதிய தட்டுகளில் அது இல்லை என்று பெட்டியில் அச்சிடுகிறார்கள். ஆனால் ஒரு பழைய காருக்குள் எப்போது மாட்டிய எந்தத் தட்டு இருக்கிறது என்று திறக்கும் முன் யார் அறிவார்? தம்மோடு வேலை பழகிய ஒருவர் இருமி இருமி இறந்ததை மட்டும் ஆசான் சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அப்பாவோடு காத்திருக்கும் வராந்தா நினைவுக்கு வந்தது.

தட்டில் உராய்வுப் பொருள் ரிவெட் தலை மட்டத்துக்குத் தேய்ந்திருந்தது. ஒரு புறம் எண்ணெய் ஊறிக் கண்ணாடிபோல் பளபளத்தது. ஸ்பிரிங்கின் விரல் நுனிகளில் பேரிங் உரசிய பள்ளம். பேரிங்கைக் கையால் சுழற்றினால் உலர்ந்த மணல் ஓசை. ஃப்ளைவீலைத்தான் நான் கவலையோடு பார்த்தேன். நகத்தால் குறுக்கே கீறிப் பார்த்தார். நகம் எங்கும் மாட்டவில்லை. சூட்டால் நீலம் பாய்ந்த இரண்டு திட்டுகள் இருந்தன, வெடிப்பில்லை. உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தால் போதும் என்றார். பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவலாம், வெடித்திருந்தால்தான் புதிது. புதிய ஃப்ளைவீல் என்னும் வரி அந்தத் தாளில் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. யாரும் பார்க்காத பொருள் அது.

எதை மாற்றுவது, எதை விடுவது என்பதற்கு ஆசான் வைத்திருந்த கணக்கு எனக்குப் பிடித்தது. பொருளின் விலையை அவர் அந்த இடத்தை மறுபடி அடையும் கூலியோடு ஒப்பிட்டார். பேரிங் 380 ரூபாய். அதை விட்டுவைத்து எட்டு மாதத்தில் கெட்டால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க 2,200. ஆகவே பாதி உயிருள்ள பேரிங்கும் போக வேண்டியதுதான். கியர்பாக்ஸ் தண்டின் சீல் கசியவில்லை. ஆனாலும் 90 ரூபாய், இப்போதே மாற்றிவிடலாம். ஃப்ளைவீல் எப்போது வேண்டுமானாலும் விலை கூடியது, இப்போது நன்றாக இருக்கிறது; அது இருக்கட்டும். சிக்கனம் என்றால் எல்லாவற்றிலும் குறைப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பொருள்களைக் கிள்ளிப்பாலத்தில் ஒரு கடையில் நானே வாங்கினேன். மாருதி 800க்கு உதிரிப்பாகம் கிடைக்குமா என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். 1983 டிசம்பர் 14 அன்று முதல் கார் கைமாறியது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இடையே 25 லட்சத்துக்கும் மேல் விற்றவை. அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த ஆம்னி வேன் 2019 வரை வந்துகொண்டிருந்தது. அத்தனை வண்டிகள் தெருவில் இருக்கும்வரை தட்டு செய்பவர்களும் இருப்பார்கள். ஆகப் பழையது என்பதைவிட அரியது என்பதுதான் பணப்பைக்கு ஆபத்து. பத்தே ஆண்டான, ஆனால் சிலவே விற்ற ஒரு வெளிநாட்டு மாடலுக்கு இதே கிளட்ச் செட்டைத் தேடி என் நண்பர் ஒருவர் ஒரு மாதம் காத்திருந்தார். கடையில் கவனித்த ஒன்று: பெயர் பெற்ற நிறுவனங்களின் பெட்டியைப் போலவே அச்சடித்த போலிகள் உண்டு. விலை கேட்டதும் பாதியாகக் குறைந்தால் சந்தேகப்படலாம். பழைய தட்டைக் கையோடு கொண்டுபோய் விட்டத்தையும் நடுத்துளைப் பற்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு வாங்குவது எளிய காப்பு. பழைய தட்டிலேயே புதிய உராய்வுப் பொருளை ரிவெட் அடித்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். லாரிக்காரர்கள் செய்வார்கள். காருக்கு விலை வேறுபாடு பெரிதில்லை. ஆசான் வேண்டாம் என்றார்.

பூட்டும்போது பார்த்த ஒரு காட்சியைச் சொல்லாமல் விட முடியவில்லை. தட்டு சரியாக நடுவில் உட்காராவிட்டால் கியர்பாக்ஸின் தண்டு உள்ளே நுழையாது. அதற்கென்று ஒரு கருவி விற்கிறார்கள். ஆசானிடம் இருந்தது பழைய இரும்புக் கடைக்குப் போன வேறொரு மாருதியின் கியர்பாக்ஸ் தண்டை அறுத்தெடுத்த துண்டு. அதைத் துளையில் செருகி, தட்டை நடுப்படுத்தி, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக முறுக்கினார். தண்டின் பற்களில் கிரீஸ் தடவும்போது மட்டும் அந்த இளைஞனை அதட்டினார். கூடினால் சுழற்சியில் சிதறித் தட்டில் படும். எண்ணெய்க்கு இத்தனை பாடு பட்டுவிட்டு கிரீஸால் கெடுப்பதா?

கணக்கு: கேபிள் 320, தட்டும் பிரஷர் பிளேட்டும் சேர்ந்த செட் 2,350, பேரிங் 380, கிராங்க் சீல் 190, கியர்பாக்ஸ் சீல் 90, கியர் ஆயில் 620, கூலி 2,200. மொத்தம் 6,150 ரூபாய். ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. முதல் நாள் அவர் கேட்ட கேள்விகள், பெடலில் வைத்த இரண்டு விரல், காரின் அடியில் கழித்த அரை மணி நேரம், முகர்ந்து பார்த்துச் சொன்ன தீர்ப்பு ஆகிய எதற்கும் கட்டணம் இல்லை. எனக்கு 11,250 ரூபாயை மிச்சப்படுத்தியது அந்த அரை மணி நேரம்தான்; கியர்பாக்ஸை இறக்க வேறு பலருக்கும் தெரியும். “பாத்து சொன்னதுக்கு என்ன ஆசானே?” என்று கேட்டேன். பார்த்ததற்கெல்லாம் காசு வாங்கினால் யார் வருவார்கள் என்று சிரித்தார். வற்புறுத்தி 500 ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். அந்த இளைஞனிடம் பாதியைக் கொடுத்துவிட்டார். கைத்தொழிலாளரின் அறிவை விலையில்லாததாக வைத்திருப்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன். பெரிய பணிமனையில் ‘பரிசோதனைக் கட்டணம்’ என்று தனி வரி உண்டு, பரிசோதனை இல்லை. இங்கே பரிசோதனை உண்டு, வரி இல்லை. அந்த இளைஞன் இரண்டாண்டு கழித்து வளைகுடாவுக்குப் போகப்போவதாகச் சொன்னான். விரலில் எண்ணெயைத் தேய்த்து முகரும் வித்தைக்கு அங்கே தேவையிருக்குமா என்று தெரியவில்லை; வண்டிகளே கணினியில் பேசுகின்றன.

எல்லாப் பழைய காரையும் பழுதுபார்த்தே ஆக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அடித்தகட்டில் துரு ஏறி ஜாக்கி வைக்கும் இடம் நெகிழ்ந்திருந்தால், எஞ்சின் புகை கக்கினால், நானே விற்றுவிடச் சொல்லியிருப்பேன். பதினைந்தாண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 600இலிருந்து 5,000 ரூபாயானது. 2023இல் அதைச் செலுத்தினோம். காற்றுப்பையும் இல்லாத கார் என்பதை நெடுஞ்சாலையில் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மாற்றாக என் முன் இருந்தது பாதுகாப்பான புதிய கார் அன்று. பேருந்து நிலையத்தில் அப்பா நிற்பது.

நான்காம் சுற்றுக்கு இரண்டு நாள் முன்பே கார் கைக்கு வந்தது. முதல் 500 கிலோமீட்டருக்கு ஏற்றத்தில் இழுத்துப் பிடிக்காமல், தட்டின் பரப்பு ஃப்ளைவீலோடு படியும்வரை மென்மையாக ஓட்டச் சொல்லியிருந்தார். கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை புறவழிச்சாலை. அதற்குப்பின் பழைய சாலையில் குழித்துறை, மார்த்தாண்டம் நெரிசல். திரும்பும்போது அப்பா முன்னிருக்கையில் இருந்தார். மார்த்தாண்டம் கடந்ததும் என் இடது காலைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “பெடல் லேசாயிருக்கு போலிருக்கே மக்கா” என்றார். கேபிள் முறுக்கியதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கிராங்க் சீலைப் பற்றிச் சொன்னேன். அது எங்கே இருக்கிறது என்று கேட்டார். தண்டு, சீல், கூடு என்று பாறசாலை வரை விளக்கிக்கொண்டு வந்தேன். ஆசிரியராக இருந்தவர், குறுக்குக் கேள்விகள் பலமாக இருந்தன.

500 கிலோமீட்டர் ஐந்தாம் சுற்றுக்குள் முடிந்துவிட்டது. பெடலின் ஓய்வைப் பார்க்க ஆசானிடம் போனேன். ஒரு திருகு மட்டும் தளர்த்தினார். அதற்கு முந்தைய இரவு அவர் சொன்னபடி மறுபடி அட்டையை விரித்து வைத்திருந்தேன். காலையில் அதன்மேல் பக்கத்து வீட்டுப் பூனை படுத்திருந்தது. அதை எழுப்பிப் பார்த்தேன், அட்டை காய்ந்திருந்தது.